டேமியனின் முறை

தட்டைத் திருப்புளியின் நுனி ஸ்டேப்பிள் ஊசிக்கு அடியில் நுழைந்தது. மணிக்கட்டு லேசாகத் திரும்பியதும் துருவேறிய ஊசி ஒரு காலில் எழுந்து நின்றது. இடது கை குறட்டால் அதைப் பிடுங்கிப் பழைய பால் டின்னில் போட்டது. டிங். அடுத்த ஊசி. அவசரப்பட்டால் ஊசி பாதியில் ஒடியும். ஒடிந்த மிச்சம் பிளாஸ்டிக் அடித்தட்டுக்குள் ஒளிந்துகொண்டு, புது உறையை இழுத்து அடிக்கும் நேரத்தில் பல்லைக் காட்டும். அந்தக் கைகளுக்கு அது தெரியும். ஒவ்வோர் ஊசியாக விளிம்பைச் சுற்றிப் போயின.

ஊசிகள் தீர்ந்ததும் மோட்டார் சைக்கிள் சீட்டின் கிழிந்த கறுப்பு உறை தளர்ந்து கழன்றது. உள்ளேயிருந்த ஸ்பாஞ்சு வெயிலையும் மழையையும் குடித்துத் தேநீர் நிறத்துக்கு வந்திருந்தது. ஓட்டுகிறவன் உட்காரும் இடத்தில் ஒரு குழி. நடுவில் விழவேண்டிய குழி இடப்பக்கமாகச் சாய்ந்து விழுந்திருந்தது. வலது கை அந்தக் குழிக்குள் இறங்கி, உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டது. பிறகு எடுக்கவேயில்லை.

“என்னண்ணே, சீட்டுக்குக் காய்ச்சலான்னு பாக்குறீங்களா?”

சந்தின் எதிர்ப்பக்கத்தில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கும் ஹக்கீம் கேட்டான். காலையில் இந்தச் சீட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தவனும் அவன்தான். யாருடையது என்று அப்போது சொல்லவில்லை.

பாக்கியநாதன் நிமிர்ந்து பார்த்தார். “இது டேமியன் சீட்டு.”

“அட, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“அஞ்சு வருசத்துக்கு முன்னாடி நான் அடிச்ச உறை. என் தையல் எனக்குத் தெரியாதா? அவன் இடப்பக்கம் சாஞ்சு உக்காருவான். சின்ன வயசுல பந்து விளையாடிக் கால ஒடிச்சுக்கிட்டான்ல, அதுலேர்ந்து.”

ஹக்கீம் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே சந்தைத் தாண்டி வந்தான். “நேத்து மோட்டரை சர்வீஸுக்கு விட்டுட்டுப் போனான் அண்ணே. சீட்டு கிழிஞ்சிருக்கு, வேற கடையில குடுத்து மாத்திருங்கன்னான். வேற கடைன்னு அழுத்திச் சொன்னான்.”

“அப்புறம் ஏன் இங்க கொண்டாந்த?”

“என் கடைக்கு உங்க கடை வேற கடைதானே லா?”

பாக்கியநாதனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஹக்கீமும் குரலை இறக்கினான். “ஜொகூர் கம்பெனிக்கு மாத்திட்டாங்களாம். ரெண்டு வருசம். நாளைக்குக் காலையில மோட்டர்லயே கெளம்புறானாம். இன்னைக்கு ஷிஃப்ட் முடிச்சு அஞ்சு மணிக்கு வண்டிய எடுக்க வருவான். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

தெரியாது. தலையை ஆட்டிவிட்டுப் பால் டின்னை எடுத்து ஓரமாக வைத்தார் பாக்கியநாதன்.

அவர் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எங்கே பயணம் போனாலும், அது கோலாலம்பூருக்குப் பள்ளிச் சுற்றுலாவாக இருந்தாலும் சரி, புறப்படும் பிள்ளை அப்பா அம்மா முன்னால் வந்து நின்று “தோத்திரம்” என்று சொல்லும். அவர்கள் கட்டை விரலால் பிள்ளையின் நெற்றியில் சிலுவை போடுவார்கள். அதன் பிறகுதான் செருப்பு. மகன் டேமியன் ரெண்டு வருசத்துக்குப் போகிறான், தகப்பனிடம் சொல்லாமல் போகிறான். ஆறு மாதமாக அந்த நெற்றி அவர் விரலுக்கு எட்டவில்லை. இன்றைக்கும் எட்டாவிட்டால் இனி எப்போது என்று அவருக்குத் தெரியவில்லை.

பாக்கியநாதனுக்கு ஐம்பத்தாறு வயது. நிபோங் திபாலில் பள்ளிப் படிப்பை முடிக்காமல் ஜார்ஜ் டவுனுக்கு வந்து, ஒரு சோபா கடையில் லாரியில் சாமான் ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தவர். தையலும் மெத்தை வேலையும் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஜனங்கள் தெருவோரம் தூக்கிப்போட்ட சோபாக்களை இழுத்து வந்து, ஒவ்வோர் அடுக்காகப் பிரித்துப் பார்ப்பார். எது முதலில் போனது, எது கடைசியில் போனது என்று தரையில் வரிசையாக வைப்பார். மறுபடி அதே வரிசையில் பூட்டுவார். இப்படிப் பிரித்துப் பிரித்தே தேர்ந்தார். டத்தோ கெராமாட் சாலைக்குப் பின்னால் இருக்கும் இந்தச் சந்தில் சொந்தமாகக் கடை போட்டபோது டேமியன் பிறந்திருக்கவில்லை. இன்று கார் சீட்டு, மோட்டார் சைக்கிள் சீட்டு, கிளினிக் நாற்காலி என்று வேலை குவிந்து கிடக்கிறது.

விசுவாசத்தையும் அவர் அப்படித்தான் கற்றார். மறைக்கல்வி வகுப்புக்குப் போக வாய்க்கவில்லை. அம்மா சொல்லும் செபத்தைக் காதால் கேட்டுக் கேட்டு, ஒரு சொல் பிசகாமல் பிடித்துக்கொண்டார். எமில்டாவைக் கட்டிய பிறகு, பிள்ளைகள் வந்த பிறகு, மாலை எட்டு மணிக்குத் தொலைக்காட்சி அணையும்; பீடத்தில் மெழுகுவத்தி எரியும்; நாலு பேரும் பாயில் உட்காருவார்கள். செபமாலையின் முதல் பத்து மணிகள் எமில்டாவின் முறை. இரண்டாம் பத்து டேமியன். மூன்றாவது அவன் தங்கை ஜோவிட்டா. நாலாவது அவர். கடைசிப் பத்தை எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள்.

டேமியன் முறை வந்தால் வண்டி நாலாவது கியருக்குப் போய்விடும். ‘அருள் நிறைந்த மரியே’ என்று அவன் தொடங்குவதும் முடிப்பதும் ஒரே மூச்சு. ஜோவிட்டா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவாள்.

“டேய், மாதா பின்னாடியே ஓடி வரணுமா? மெதுவா சொல்லு,” என்பார் பாக்கியநாதன்.

“அவங்களுக்கு எல்லாம் புரியும்பா,” என்பான் டேமியன்.

காலையில் பள்ளிப் பேருந்துக்கு நேரமாகிவிடும். ஒரு கையில் ரொட்டி, மறு கையில் காலில் போடாத சப்பாத்து. அப்படியே வந்து நெற்றியை மட்டும் முன்னால் நீட்டுவான். “தோத்திரம்பா, சீக்கிரம், சீக்கிரம்!” அவர் வேண்டுமென்றே மெதுவாகப் போடுவார். மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். பையன் குதிப்பான்.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். ஜோவிட்டா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துக் கெலுகோருக்குப் போனாள். டேமியன் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீசியன் ஆனான். கடல் பாலம் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தான். அங்கேதான் கோகிலன் அவனுக்குச் சிநேகிதன் ஆனான். பைராம் தோட்டத்துப் பையன், சிரித்தால் கண் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தால் எமில்டாவின் கோழிக் கறியை வாய் ஓயாமல் புகழ்ந்தே இன்னொரு தட்டு வாங்கிவிடுவான். சனிக்கிழமை வந்து செபத்தில் மாட்டிக்கொண்டால் அவனும் பாயில் உட்காருவான். டேமியனின் வேகத்தைக் கேட்டு, “ஆன்டி, இவன் மெஷினையும் இப்படித்தான் ஓட்டுறான், அதான் அடிக்கடி நின்னு போவுது,” என்பான்.

போன வருடம் ஆகஸ்டில் கோகிலனின் மோட்டார் சைக்கிள் நெடுஞ்சாலையில் ஒரு லாரிக்கு அடியில் போயிற்று. ஒன்பது நாள் மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடந்தான். டேமியன் நவநாள் செபம் செய்தான். வேலை முடிந்து தினமும் புக்கிட் மெர்தாஜம் புனித அன்னம்மாள் கோயிலுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றினான். பாக்கியநாதன் பெருமைப்பட்டார். பிள்ளை தானாகவே முழங்காலில் நிற்கிறான் என்று எமில்டாவிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார். பத்தாம் நாள் கோகிலனைப் பெட்டியில் பைராம் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அதன் பிறகும் டேமியன் பாயில் உட்காரத்தான் செய்தான். கியர் மட்டும் இறங்கிவிட்டது. ஒரு நாள் அவன் முறை வந்தபோது சத்தமே வரவில்லை.

“ம், சொல்லு,” என்றார் பாக்கியநாதன்.

“வார்த்தை வரலப்பா.”

“வார்த்தைய நீ எங்கேர்ந்தும் கொண்டுவர வேணாம். அது ஏற்கெனவே இருக்கு. சொன்னாப் போதும்.”

ஒவ்வோர் அடுக்காகப் பூட்டினால் சோபா நிற்கும் என்று கண்டவர் அவர். சொல்லை வரிசையாக வைத்தால் செபமும் நின்றுவிடும் என்று நினைத்தார். டேமியன் அன்று ஏதோ முணுமுணுத்து முடித்தான். அடுத்த மாதம் வேலைக்குப் பக்கத்தில் அறை பார்த்துக்கொண்டு போனான். ஞாயிற்றுக்கிழமை ஷிஃப்ட் என்றான். பூசைக்குப் போகிறாயா என்று கேட்டால் பேச்சை மாற்றினான்.

டிசம்பரில் வட்டாரச் செபக்கூட்டம் பாக்கியநாதன் வீட்டுக்கு வந்தது. பக்கத்து ஃப்ளாட்டுகளில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் முறை வைத்து வீட்டுக்கு வீடு கூடும் கூட்டம். டேமியனும் அன்று வந்திருந்தான். அம்மா கூப்பிட்டதால் வந்தான். சமையலறையில் சீராப் சர்பத் கலக்குவது அவன் வேலை. வாசகம் முடிந்தது. ஒவ்வொருவரும் தங்கள் மன்றாட்டைச் சொல்லும் நேரம் வந்தது. ஒருவர் முழங்கால் வலிக்காகக் கேட்டார், ஒருவர் மகளின் தேர்வுக்காக. பாக்கியநாதன் கண்ணை மூடிக்கொண்டார். அவர் சொன்னது மனம் உருகிச் சொன்னதுதான்.

“ஆண்டவரே, என் மகன் டேமியன் பூசைக்கு வராமல், செபத்தை விட்டு, உம்மை விட்டுத் தூரம் போய்விட்டான். வழி தவறிய அவனை எங்களுக்குத் திருப்பித் தாரும் என்று உம்மை மன்றாடுகிறோம்.”

கூடத்திலிருந்த இருபது பேரும் ஒரே குரலில், “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் ஆண்டவரே,” என்றார்கள்.

அவர் கண்ணைத் திறந்தபோது டேமியன் கதவருகே தட்டோடு நின்றுகொண்டிருந்தான். கண்ணாடிக் குவளைகளில் சிவப்புச் சீராப், ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. அவன் குனிந்து ஒவ்வொருவருக்கும் கொடுத்தான். “எடுத்துக்குங்க ஆன்டி. எடுத்துக்குங்க அங்கிள்.” ஒரு பெரியம்மா அவன் கன்னத்தைத் தொட்டு, “நாங்க எல்லாம் உனக்காக வேண்டிக்கிறோம்பா,” என்றார். அவன் “தேங்க்ஸ் ஆன்டி” என்று சொல்லித் தட்டைத் திரும்ப வைத்தான். அப்புறம் கீழே இறங்கிப் போனான்.

பாக்கியநாதன் வண்டி நிறுத்துமிடத்தில் அவனைப் பிடித்தார்.

“எனக்காக நீங்க வேண்டிக்கிட்டா நா வேணாம்னு சொல்ல மாட்டேன்பா,” என்றான் டேமியன், ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு. “என்னைப் பத்திச் சாமிகிட்டப் புகார் குடுக்காதீங்க. அதுவும் சாட்சி வெச்சுக்கிட்டு.”

அவர் பழக்கத்தில் கையை உயர்த்தினார். டேமியன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

ஒரு தகப்பன் தன் பிள்ளைக்காக வேண்டுவதில் என்ன தப்பு என்று பாக்கியநாதன் நெடுநாள் குமுறிக்கொண்டிருந்தார். தப்பு இல்லை என்று காட்டுவதற்காகவே தினமும் காலையில் அவனுக்கு வாட்ஸப்பில் ஒரு நற்செய்தி வசனம் அனுப்பினார். இரண்டு நீலக் கோடுகள் விழும், பதில் விழாது. எமில்டா அவனைப் பார்க்கப் போகும்போது சோற்று டப்பாவின் மூடிக்குள் அற்புத மாதா பதக்கம் ஒன்றை ஒட்டிக் கொடுத்தாள். டப்பா கழுவித் திரும்பி வந்தது. பதக்கமும் கழுவி, அதே இடத்தில் ஒட்டி வந்தது. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு எமில்டா வெகுநேரம் நின்றாள்.

தவக்காலத்தில் ஒரு நாள் வசனத்தைத் தேடிக்கொண்டிருந்த புருசனிடம் அவள் கேட்டாள்: “நாம வேண்டுறது யார் காதுல விழணும்? சாமி காதுலயா, அவன் காதுலயா?”

“ரெண்டு பேர் காதுலயும் விழட்டும்.”

“அவன் காதுல போட்டுப் போட்டுத்தான் அவன் பொத்திக்கிட்டான். கோகிலன் செத்தப்ப அவன் நம்மகிட்ட என்ன கேட்டான்? வார்த்தை வரலன்னான். அன்னைக்கு நாம அவன் பக்கத்துல பேசாம உக்காந்திருக்கணும். நீங்க வார்த்தைய எடுத்துக் குடுத்தீங்க. நானும் ஆமான்னு பாத்துக்கிட்டிருந்தேன்.”

அவர் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் செபத்தில் இரண்டாவது பத்து வந்தது. டேமியன் போனதிலிருந்து அவன் முறையை எமில்டாதான் சொல்லிவந்தாள். ஒவ்வொரு முறையும் ‘டேமியன் திரும்பி வர’ என்று கருத்து வைத்தே தொடங்குவார்கள். அன்று அவள், “கோகிலன் ஆன்மாவுக்காக,” என்று தொடங்கினாள். பாக்கியநாதன் திரும்பிப் பார்த்தார். ஹோட்டல் சலவைப் பிரிவில் நாளெல்லாம் நின்று வந்த கால்களை நீட்டிக்கொண்டு, கண்ணை மூடி, அவள் மகனுடைய வேகத்திலேயே சொல்லிக்கொண்டு போனாள். அவருக்கு மறுமொழி சொல்லவே மூச்சு வாங்கியது. மறுநாள் காலை அவர் வசனம் அனுப்பவில்லை.

இதெல்லாம் நினைவில் ஓட, ஸ்பாஞ்சை வெட்டிக்கொண்டிருந்தார். சீட்டை இப்படியே உறை மாற்றிக் கொடுத்தால் ஈப்போ தாண்டுமுன் இடுப்பு விட்டுப்போகும். பழைய குழியை வெட்டி எடுத்துவிட்டுக் கெட்டி ஸ்பாஞ்சு வைக்க வேண்டும். எல்லோருக்கும் வைப்பதுபோல் சம மட்டமாக வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். பிறகு பிய்த்து எடுத்தார். சம மட்டமான சீட்டில் டேமியன் உட்கார்ந்தால் இடது இடுப்பு தொங்கும். அவன் உடம்பு நேராகப் போவதில்லை. இடப்பக்கத்தில் இன்னும் கெட்டியான துண்டொன்றைச் சீவிச் சீவி, அந்தச் சாய்வுக்குத் தாங்கலாக ஒட்டினார். பசை காயும்வரை கையால் அழுத்திக்கொண்டிருந்தார்.

மதியம் எமில்டா வேலை முடிந்து சோறு வாங்கிக்கொண்டு வந்தாள். மேசையைப் பார்த்ததும் அவளுக்கும் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வெட்டி எடுத்துப் போட்ட பழைய ஸ்பாஞ்சுத் துண்டைக் கையில் எடுத்தாள்.

“எங்க போறான்?”

“ஜொகூர். நாளைக்கு. உனக்கும் சொல்லலையா?”

“நாளைக்குப் போன் பண்றேன்னு மெசேஜ் போட்டிருந்தான். போய்ச் சேந்துட்டுச் சொல்லலாம்னு இருந்திருப்பான்.” அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி, அதிலிருந்த சின்ன மாதா பதக்கத்தை நகத்தால் பிரித்து எடுத்து மேசைமேல் வைத்தாள். “உறை போடுறதுக்கு முன்னாடி இத உள்ள வெச்சிருங்க. எவ்வளவு தூரம் போறான். கோகிலன் போன ரோடும் அதுதான்.”

பாக்கியநாதனுக்கும் காலையிலிருந்து அதே ஆசைதான். ஸ்பாஞ்சில் கத்தியால் ஒரு கீறு போட்டால் போதும், யாருக்கும் தெரியாது. பதக்கத்தைத் தொட்டார். அவள் கழுத்துச் சூடு இன்னும் அதில் இருந்தது.

“வேணாம் எமில்டா.”

“உறையப் பிரிச்சா பாக்கப்போறான்?”

“பாக்க மாட்டான். அவனுக்குத் தெரியாம அவன் மேல நாம எதையும் வைக்க வேணாம். வெச்சா அவன் முகத்தப் பாத்து என்னால பேச முடியாது.”

“நீங்க சொல்றீங்களா இத?”

“நீதானே சொல்லிக் குடுத்த.”

“சொல்லிக் குடுத்துட்டு நானே மறந்துட்டேன் பாருங்க,” என்றாள் அவள். சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. பதக்கத்தையும் சங்கிலியையும் அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் குறட்டால் கோத்துக் கொடுத்தார்.

“அஞ்சு மணிக்கு ஹக்கீம் கடைக்கு வர்றானாம். நீயும் இரு,” என்றார்.

“ரெண்டு பேரும் வரிசையில நின்னா பிள்ளை பயந்துருவான். நீங்க குடுங்க. அம்மா வீட்டுல இருக்கேன்னு சொல்லுங்க. வான்னு சொல்லாதீங்க.”

அவள் போனதும் ஜோவிட்டாவிடமிருந்து போன் வந்தது. அம்மா அதற்குள் அவளுக்குச் சொல்லிவிட்டிருந்தாள்.

“அப்பா, ப்ளீஸ், இன்னைக்குப் பிரசங்கம் வேணாம். சரியா?”

“நான் எங்க பிரசங்கம் பண்ணேன்?”

“நீங்க ‘சாப்பிட்டியா’ன்னு கேட்டாலே அதுல ஒரு பூசை இருக்கும்பா.”

பிறகு அவள் வேறு குரலில் சொன்னாள்: “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நானும் எல்லா வாரமும் போறதில்ல. சில நாள் எனக்கும் ஒண்ணும் வர்றதில்ல. நா போறேன்னு சொல்லி உங்களச் சமாளிச்சுர்றேன். அண்ணனுக்குப் பொய் சொல்ல வரல, அவ்வளவுதான். அதுக்கு அவனுக்கு அடி.”

முன்பென்றால் அந்த இடத்திலேயே அவளுக்கு வசனம் ஒன்று கிடைத்திருக்கும். பாக்கியநாதன் கையிலிருந்த சுண்ணக்கட்டியைப் பார்த்தார். “சொன்னியே, அது போதும்மா,” என்றார். “ஒண்ணும் வராத நாள்ல கூப்பிடு. நானும் சும்மா லைன்ல இருக்கேன்.”

“லைன்ல இருந்துகிட்டு?”

“சும்மாதான்.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “அசைன்மென்ட் இருக்கு, வெக்கிறேன்பா,” என்று வைத்துவிட்டாள்.

புது உறைக்கு அவர் நல்ல கறுப்பு ரெக்ஸினாகத் தேர்ந்து இரட்டைத் தையல் போட்டார். ஒரு தையல் விட்டாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். தையல் ஓட்டைகளுக்கு அடியில் மழைநீர் இறங்காமல் நாடா ஒட்டினார். முன்பக்கம் நாலு ஊசி அடித்து நிறுத்தி, பின்பக்கம் இழுத்து நாலு ஊசி அடித்து, பிறகு பக்கங்களுக்கு வந்தார். வளைவில் சுருக்கம் விழுந்தது. ஊசிகளைப் பிடுங்கி மறுபடி இழுத்தார். மறுபடியும் ஒரு மெல்லிய சுருக்கம், நகத்தால் தடவினால்தான் தெரியும். அதையும் பிரித்தார். ஹக்கீம் தே தாரெக் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

“அண்ணே, அவன் உக்காந்தா எல்லாச் சுருக்கமும் தன்னால போயிரும் லா.”

“போகட்டும். நான் குடுக்கும்போது இருக்கக் கூடாது.”

“எங்க வாப்பாவும் இப்படித்தான். நான் தொழாம டிமிக்கி குடுத்தா, எனக்காகத் துஆ கேக்குறேன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கேப்பாரு. நான் அடுத்த தெரு வழியாப் போவேன்.”

“அப்புறம் எப்பத் திரும்பி வந்த?”

ஹக்கீம் தலையைச் சொறிந்தான். “அவரு தொண்டை கட்டிக்கிட்டு ஒரு வாரம் சத்தம் போடாம இருந்தாரு. சும்மா எட்டிப் பாக்கப் போனேன்.”

இந்த முறை பாக்கியநாதன் சிரித்துவிட்டார்.

ஐந்தேகால் மணிக்கு டேமியன் வந்தான். கிராப் வாடகைக் காரிலிருந்து தொழிற்சாலைச் சட்டையோடு இறங்கினான். மெலிந்திருந்தான். மோட்டார் சைக்கிள் பட்டறை வாசலில் சீட்டில்லாமல் நின்றது. பாக்கியநாதன் சீட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சந்தைத் தாண்டினார்.

“டேய், வேற கடைக்காரரே நேர்ல கொண்டாந்துட்டாரு,” என்று சொல்லிவிட்டு, உள்ளே ஏதோ ஸ்பேனரைத் தேடப் போனான் ஹக்கீம். தேடத் தொடங்கியவன் வெளியே வரவில்லை.

டேமியன் அப்பாவைப் பார்த்தான். சீட்டைப் பார்த்தான். “உங்ககிட்டக் குடுக்கச் சொல்லல.”

“தெரியும். இடப்பக்கம் கெட்டியா வெச்சிருக்கேன். தூரம் போனா இடுப்பு வலிக்காது. ஆனா வழியில தஞ்சோங் மாலிம்ல எறங்கிக் கொஞ்சம் நட.”

“ம்.” டேமியன் அருகில் வந்து கட்டை விரலால் இடப்பக்கத்தை அழுத்திப் பார்த்தான். தையலைத் தடவினான். சீட்டு இன்னும் அப்பாவின் கையில்தான் இருந்தது. “உள்ள என்ன வெச்சிருக்கீங்க?”

“ஸ்பாஞ்சு.”

“அதுக்குள்ள?”

“ஸ்பாஞ்சுதான்பா.”

“அம்மாவுமா ஒண்ணும் வைக்கல?”

“கேட்டா. நான் வேணாம்னுட்டேன். உன் சீட்டு.”

டேமியன் தலை நிமிர்ந்து அவர் முகத்தில் எதையோ தேடினான். சந்தின் முனையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து திரும்பிப் போனது.

“இன்னும் என் பேரச் சொல்லி வேண்டுறீங்களா?” என்று கேட்டான்.

பொய் சொல்லக் கூடாது என்று பாக்கியநாதன் கொஞ்சம் யோசித்தார். “மனசுக்குள்ள வேண்டாம இருக்க முடியலப்பா. ஆனா வாய் விட்டுச் சொல்றதில்ல. உன் முறை வரும்போது கோகிலன் பேரச் சொல்றோம். தவக்காலத்துலேர்ந்து. உங்கம்மாதான் தொடங்கினா.”

“கோகிலன் பேரயா?”

“தினமும். உன் வேகத்துலயே சொல்றா. எனக்குத்தான் மூச்சு வாங்குது.”

டேமியனின் வாய் கோணிற்று. சிரிக்கிறானா என்று பார்த்தார். கண்கள் வேறு மாதிரி இருந்தன. அவன் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். “அவங்க வீட்டுல கூட இப்பல்லாம் அவன் பேரச் சொல்றதில்லப்பா. நான் போனா பேச்ச மாத்துறாங்க.”

பாக்கியநாதனின் நாவில் நூறு வார்த்தைகள் வந்து நின்றன, எல்லாம் நல்ல வார்த்தைகள். அவர் ஒன்றையும் எடுக்கவில்லை. சீட்டை ஏந்தியபடி மகனுக்குப் பக்கத்தில் நின்றார். உள்ளே ஹக்கீம் ஸ்பேனரைக் கீழே போட்டான். வேண்டுமென்றே போட்டதுபோல் இருந்தது.

“அம்மா எங்க?”

“வீட்டுல இருக்கா.” அதற்கு மேல் அவர் சொல்லவில்லை.

“கோழிக் கறியா?”

“தெரியல. நான் காலையிலேர்ந்து இங்கதான்.”

டேமியன் பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தான். இன்னும் ஓரடி கிட்டே வந்தான். அவன் தலை லேசாகக் குனிந்திருந்தது. பள்ளிப் பேருந்துக்கு நேரமான நாட்களில் நெற்றியை நீட்டியது போல.

“மொதல்ல அந்தச் சீட்டைக் குடுங்கப்பா,” என்றான். “ரெண்டு கையிலயும் அத வெச்சுக்கிட்டு எப்படி...”

பாக்கியநாதன் சீட்டைக் கொடுத்தார்.